பழைய காரின் முன் கண்ணாடி பீடிங்கை வீட்டிலேயே மாற்றுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நெல்லை, தென்காசி, தூத்துக்குடி பக்கம் ஓடும் பழைய கார்களில் முன் கண்ணாடியைச் சுற்றியுள்ள ரப்பர் பட்டி, அதாவது பீடிங், வெடித்தும், சுருங்கியும், மூலையில் தூக்கிக்கொண்டும் நிற்பதைச் சாதாரணமாகப் பார்க்கலாம். அதைத் தாமே மாற்ற நினைப்பவர்கள் கேட்கும் கேள்விகளுக்கான பதில்கள் இங்கே. விரிசல் விட்ட கண்ணாடியை மாற்றுவது வேறு வேலை. அது இதில் இல்லை.

என் வண்டியில் இருப்பது எந்த வகை? முதலில் இதைத் தெரிந்துகொள்ள வேண்டுமா?

கட்டாயம். இதைப் பார்க்காமல் ஸ்குரூ டிரைவரை எடுப்பவர்கள்தான் கண்ணாடியை உடைக்கிறார்கள். வகை இரண்டு.

முதலாவது, ரப்பரே கண்ணாடியைத் தாங்கி நிற்கும் வகை. அம்பாசடர், பிரீமியர் பத்மினி, மஹிந்திரா ஜீப், மாருதி 800, ஆம்னி, ஜிப்ஸி ஆகியவை இப்படித்தான். ரப்பரில் இரண்டு பள்ளம் இருக்கும். ஒன்றில் கண்ணாடி, மற்றொன்றில் பாடியின் விளிம்புத் தகடு. சில வண்டிகளில் வெளிப்பக்கம் மூன்றாவதாக ஒரு சின்னப் பள்ளமும், அதில் ரப்பரை இறுக்கிப் பிடிக்கும் லாக் ஸ்ட்ரிப் அல்லது க்ரோம் பட்டியும் இருக்கும். இங்கே பீடிங்கை மாற்றுவது என்றால் கண்ணாடியைக் கழற்றி மாட்டுவது என்று பொருள்.

இரண்டாவது, பியு (பாலியூரித்தேன்) பசையால் கண்ணாடியைத் தகட்டோடு ஒட்டிய வகை. ஆல்ட்டோ, வேகன் ஆர், சான்ட்ரோ போன்றவையும் அவற்றுக்குப் பின் வந்த கிட்டத்தட்ட எல்லாமும் இதில் சேரும். வெளியே தெரியும் கறுப்புப் பட்டி வெறும் மோல்டிங். கண்ணாடிக்கும் பாடிக்கும் இடையிலுள்ள சந்தை மூடுவதே அதன் வேலை.

சந்தேகம் இருந்தால் வண்டிக்குள் உட்கார்ந்து கண்ணாடி ஓரத்தைப் பாருங்கள். கண்ணாடியிலேயே அச்சடித்த கறுப்புப் பட்டையும், அதன் ஓரத்தில் சின்னச் சின்னக் கறுப்புப் புள்ளிகளும் இருந்தால் ஒட்டிய வகை. பியு பசை வெயிலின் புற ஊதாக் கதிரில் கெட்டுப்போகும் என்பதால்தான் அந்தக் கறுப்புப் பட்டை. அதற்குப் பதிலாக உள்ளேயும் ரப்பர் உதடு தகட்டைக் கவ்விக்கொண்டு, விரலால் அழுத்தினால் அசைந்தால் முதல் வகை.

ஒட்டிய வகையிலும் ஒரு விலக்கு உண்டு. சில கார்களில் மோல்டிங் கண்ணாடி விளிம்போடு சேர்த்தே வார்க்கப்பட்டிருக்கும், அல்லது கண்ணாடிக்கு அடியில் போய் பசைக்குள் புதைந்திருக்கும். ஓரத்தில் லேசாகத் தூக்கிப் பார்க்கும்போது பட்டி கண்ணாடிக்குக் கீழே மடிந்து போகிறது என்றால், அதை இழுக்காதீர்கள். வெளியே தெரியும் பகுதியை மட்டும் அறுத்துவிட்டு, சந்தில் செருகும் பொதுவான மோல்டிங்கை வைத்துக்கொள்ளலாம்.

பீடிங் வெடித்தால் மழைத்தண்ணீர் உள்ளே வருமா?

ரப்பர் வகையில் வரும். ஒட்டிய வகையில் மோல்டிங் போனதால் மட்டும் வராது, ஏனென்றால் தண்ணீரைத் தடுப்பது பசை. ஆனால் திறந்து கிடக்கும் சந்தில் மண்ணும் ஈரமும் தங்கி, தகட்டின் பெயிண்ட் உரிந்து, துரு பசைக்கு அடியில் நுழையும். ஒழுகல் தொடங்குவது அதற்குப் பிறகுதான். மோல்டிங்கை அழகுக்கான சாமான் என்று நினைத்து இரண்டு மூன்று ஐப்பசியைத் தள்ளிப்போட்டால் செலவு டிங்கரிங்கில் போய் நிற்கும்.

நம்ம பக்கம் ஏன் இவ்வளவு சீக்கிரம் போகிறது?

வெயில்தான் முதல் காரணம். பிவிசி மோல்டிங்கில் மென்மைக்காகச் சேர்த்த எண்ணெய்ப் பொருள் சூட்டில் மெல்ல வெளியேறிவிடும்; பட்டி விறைத்து, நீளத்தில் சுருங்கும். மேல் மூலை இரண்டிலும் முதலில் இடைவெளி தெரிவது அதனால்தான். இபிடிஎம் என்னும் செயற்கை ரப்பர் அவ்வளவு சுருங்காது. ஆனால் வருஷக்கணக்கில் வெயில் பட்டால் மேல்தோல் வெடிக்கும்.

மற்றவை இடத்துக்கு இடம் மாறும். உவரி, தூத்துக்குடி, திருச்செந்தூர்க் கரையோரம் உப்புக்காற்று தகட்டைத் தின்னும். ஆடிக்காற்றில் ராதாபுரம், வள்ளியூர் பக்கம் பறக்கும் மணல் சந்துக்குள் ஏறி உட்காரும். கல் குவாரி டிப்பர்களுக்குப் பின்னால் தினமும் ஓடும் வண்டிகளில் மேல் பட்டியில் கல் பட்ட காயம் நிறைய இருக்கும்.

எந்த மாதத்தில், எந்த நேரத்தில் செய்வது நல்லது?

நெல்லை, பாளை, தூத்துக்குடிக்காரர்கள் புரட்டாசிக்குள் முடித்துவிட வேண்டும். தென்காசி, செங்கோட்டை, குற்றாலம் பக்கம் என்றால் சாரல் தொடங்குமுன், வைகாசிக்குள். ஆடிக்காற்று அடிக்கும் நாளில் திறந்த வெளியில் செய்யாதீர்கள். பசையில் ஒட்டும் மண்ணைத் துடைத்து எடுக்க முடியாது.

நேரத்தைப் பொறுத்தவரை ஒரு கணக்கு. பழையதைக் கழற்றுவது நண்பகல் வெயிலில் சுலபம், ரப்பர் இளகியிருக்கும். புதியதை வைப்பது மறுநாள் காலை நிழலில். மோல்டிங்கில் வரும் ஒட்டு நாடா 21 முதல் 38 டிகிரி செல்சியஸில்தான் நன்றாகப் பிடிக்கும். சித்திரை வெயிலில் நின்ற பானட்டில் கை வைக்க முடியாது; அந்தச் சூட்டில் நாடாவை ஒட்டினால் வேலை கெடும்.

என்னென்ன வாங்க வேண்டும்? எவ்வளவு?

நீளத்தை நூல் பிடித்து அளந்துகொள்ளுங்கள். மடக்கு டேப் வளைவில் பொய் சொல்லும். ஒட்டிய வகைச் சின்னக் கார்களில் மேல்பக்கமும் இரு பக்கமும் சேர்த்துச் சுமார் 3 மீட்டர் வரும். அரை மீட்டர் கூட வாங்குங்கள். பல கார்களில் கீழ்ப்பக்கத்தை வைப்பர் அடியிலுள்ள பிளாஸ்டிக் மூடி மறைத்துவிடும். அங்கே பட்டி தேவையில்லை.

அதைவிட முக்கியம் சந்தின் அகலம். டிரில் பிட்டுகளின் மழுங்கிய பின்பக்கத்தைச் சந்தில் நுழைத்துப் பாருங்கள்: 4 எம்எம் தாராளமாகப் போய், 5 எம்எம் லேசாகப் பிடித்து, 6 எம்எம் போகவில்லை என்றால் சந்து 5 எம்எம். மேலே ஒரு இடம், ஒவ்வொரு பக்கத்திலும் இரண்டு இடம், மூலை இரண்டு என்று தனித்தனியாக அளந்து எழுதிக்கொள்ளுங்கள். பழைய வண்டிகளில், குறிப்பாக ஒருமுறை கண்ணாடி மாற்றியவற்றில், இடது வலது சமமாக இருக்காது. மோல்டிங்கின் கால், அதாவது சந்துக்குள் போகும் பகுதி, சந்தைவிட ஒரு எம்எம் பருத்திருந்தால்தான் கவ்வும்.

கடையில் அண்ணாச்சியிடம் ‘கண்ணாடி பீடிங்’ என்று மட்டும் கேட்டால் கதவுக் கண்ணாடியின் பீடிங்கைக்கூட எடுத்துப் போடுவார். வண்டியின் பெயர், தயாரிப்பு ஆண்டு, முன் கண்ணாடிக்கா பின் கண்ணாடிக்கா என்று சொல்லி, பழைய பட்டியில் ஒரு விரல் நீளம் வெட்டிக் காட்டுங்கள்.

இவை தவிர: பிளாஸ்டிக் நெம்பி இரண்டு, மாஸ்கிங் டேப், கட்டர், பழைய டூத் பிரஷ், ஐசோபுரப்பைல் ஆல்கஹால் கால் லிட்டர், நூல் விடாத பருத்தித் துணி, 80-ம் 220-ம் எண் உப்புத்தாள், எபாக்சி பிரைமர், 310 மில்லி பியு சீலன்ட் (சந்தை அடைக்கும் பசை) ஒரு குழாய், அதை அழுத்தும் துப்பாக்கி, கையுறை. சீலன்ட் குழாயைத் திறந்தபின் காற்றின் ஈரத்தில் அது இறுகிவிடும். மிச்சத்தை அடுத்த மாதத்துக்கு வைக்க முடியாது. எனவே கடைசி நேரத்தில்தான் திறக்க வேண்டும்.

உற்பத்தி நின்றுபோன வண்டிக்கு ரப்பர் கிடைக்குமா?

அம்பாசடரும் மாருதி 800-ம் 2014-ல் நின்றன. இரண்டுக்கும் வேறு கம்பெனிகள் ரப்பர் செய்து விற்கின்றன. ஊரில் கிடைக்காவிட்டால் மதுரை, இல்லை சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு. புதுப்பேட்டையில் பழைய க்ரோம் பட்டி வாங்கலாம், தப்பில்லை. பழைய ரப்பரை மட்டும் எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். புது ரப்பரைக் கையில் எடுத்ததும் ஒரு இடத்தில் மடக்கி நகத்தால் அழுத்துங்கள். மடிப்பில் வெளிறிய கோடு விழுந்தால் அது கடையிலேயே கிடந்து பழசானது.

ஒட்டிய வகையில் பழைய மோல்டிங்கைக் கழற்றுவது எப்படி?

பாடியின் ஓரத்தில் இரண்டு வரிசை மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். வைப்பரைத் தூக்கி நிறுத்தினால் அது திரும்ப அறைந்து கண்ணாடியை உடைக்கலாம். கழற்றி வைப்பது நல்லது. கீழ் மூலையில் நெம்பியை விட்டுக் கொஞ்சம் தூக்கி, கையால் பிடித்து, கண்ணாடியின் மட்டத்தை ஒட்டியபடி மெதுவாக இழுங்கள். மேல்நோக்கிச் செங்குத்தாக இழுத்தால் அறுந்துவிடும்.

அறுந்த துண்டு உள்ளே நின்றால் கட்டரைக் கண்ணாடியோடு படுக்க வைத்து அறுக்க வேண்டும். பிளேடு 5 எம்எம்முக்கு மேல் உள்ளே போகக் கூடாது. அதற்குக் கீழே இருப்பது கண்ணாடியைப் பிடித்திருக்கும் பசை. பிளேடின் முனையில் டேப்பைச் சுற்றி அந்த ஆழத்துக்கு அளவு வைத்துக்கொண்டால் கை தவறாது. இரும்பு ஸ்குரூ டிரைவரைக் கண்ணாடி விளிம்பில் வைத்து நெம்பவே நெம்பாதீர்கள். முன் கண்ணாடி இரண்டு தகடு கண்ணாடியும் நடுவில் ஒரு படலமும் சேர்ந்தது. நடுவில் கல் பட்டால்கூடத் தாங்கும், விளிம்பில் ஒரு புள்ளியில் அழுத்தம் பட்டால் அங்கிருந்தே கீறல் ஓடும்.

பிறகு சந்தை டூத் பிரஷால் கிளறி, வாக்குவம் கிளீனரால் மண்ணை எடுத்து, ஆல்கஹால் நனைத்த துணியை நெம்பியில் சுற்றித் துடையுங்கள். மண்ணெண்ணெய் வேண்டாம், எண்ணெய்ப் படலம் நிற்கும். அதன்மேல் எதுவும் ஒட்டாது.

உள்ளே துரு தெரிகிறதே?

பெயிண்டுக்கு மேலே தெரியும் செந்நிறக் கறை மட்டும் என்றால் நீங்களே செய்யலாம். 80 எண் தாளால் வெள்ளைத் தகடு தெரியும்வரை தேய்த்து, 220-ஆல் வழவழப்பாக்கி, துடைத்து, எபாக்சி பிரைமர் இரண்டு கோட், மேலே வண்டி நிறப் பெயிண்ட். ஒவ்வொன்றும் நன்றாகக் காய வேண்டும்; கடைசிக் கோட்டுக்குப் பிறகு ஒரு நாள் முழுக்க விடுங்கள். கட்டர் கீறிய இடத்துக்கும் பிரைமர் தேவை. சின்னக் கீறல்தானே என்று விட்டால் அடுத்த மழைக்காலத்தில் கொப்புளமாக எழும்.

ஸ்குரூ டிரைவரால் குத்தினால் பொடிந்து ஓட்டை விழுகிறதா? நிறுத்திவிடுங்கள். கண்ணாடியைக் கழற்றி, தகடு வெட்டி வெல்டிங் வைக்கும் வேலை அது. ஓட்டையின் மேல் புட்டி (பள்ளம் நிரப்பும் பூச்சு) பூசிப் பெயிண்ட் அடித்துக் கொடுப்பவர்களும் இருக்கிறார்கள். அது ஒரு மழைக்குத்தான் தாங்கும். 2023 டிசம்பர் 17, 18 வெள்ளத்தில் தண்ணீரில் நின்ற வண்டியை வாங்கியிருந்தால் கீழ் மூலை இரண்டையும் கூடுதல் கவனத்தோடு பாருங்கள்.

புதிய மோல்டிங்கை எங்கிருந்து ஆரம்பிப்பது?

மேல்பக்கத்தின் நடுவிலிருந்து. ஒரே துண்டின் நடுப்பகுதியைக் கண்டுபிடித்து அடையாளமிட்டு, அங்கே அழுத்தி, இடமும் வலமும் மாறி மாறிக் கொண்டுபோங்கள். அதற்கு முன் சுருளைப் பிரித்து அரை மணி நேரம் இளவெயிலில் நீட்டிப் போட்டால் மடிப்பு போகும்.

மற்ற எதையும்விட அதிகம் கெடுப்பது இழுத்து ஒட்டுவதுதான். இழுத்துப் பிடித்தால் அன்றைக்கு நேராக, பார்க்க அழகாக இருக்கும். சில வாரத்தில் பட்டி தன் பழைய நீளத்துக்குத் திரும்பி, மூலையில் ஒரு விரல் இடைவெளி காட்டும். இழுக்காமல், ஒவ்வொரு சாணுக்கும் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளிக் கூட்டியபடி அழுத்துங்கள்.

சந்து அகலமாக இருந்து கால் தளர்வாக இருந்தால், 15 சென்டிமீட்டருக்கு ஒரு பொட்டு பியு சீலன்ட் சந்தில் வைத்து அதன்மேல் அழுத்தலாம். முழு நீளத்துக்கும் நிரப்பிவிடாதீர்கள். அடுத்த முறை கழற்றுபவர் சபிப்பார். பிதுங்கியதை உடனே துடையுங்கள், காய்ந்தால் பிளேடுதான். மாஸ்கிங் டேப்பைக் குறுக்கே ஒட்டி 24 மணி நேரம் விடுங்கள். சீலன்ட் நாளொன்றுக்கு 3 எம்எம் ஆழம் அளவுக்குத்தான் இறுகும். அதுவரை வண்டியைக் கழுவவோ நாலு வழிச்சாலையில் விரட்டவோ வேண்டாம்.

மூலையில் மட்டும் தூக்கிக்கொள்கிறது. என்ன செய்ய?

உள்ளே போகும் காலில் மட்டும் வி வடிவில் மூன்று நான்கு வெட்டு, ஒரு சென்டிமீட்டர் இடைவெளியில். மேல் உதட்டை வெட்டக் கூடாது. சூடான தண்ணீரில் நனைத்த துணியை அந்த இடத்தில் இரண்டு நிமிடம் சுற்றி வளைத்து, ஈரத்தைத் துடைத்து, பிறகு அழுத்துங்கள்.

ரப்பர் வகையில் கண்ணாடியைக் கழற்றி மாட்டுவது வீட்டில் முடியுமா?

இரண்டு பேர் இருந்தால் முடியும். தனியாக வேண்டாம்.

லாக் ஸ்ட்ரிப் இருந்தால் முதலில் அதை உருவுங்கள். அது போனதும் ரப்பர் தளரும். ரப்பரை எப்படியும் எறியப் போகிறோம் என்பதால், வெளி உதட்டைக் கட்டரால் சுற்றிலும் அறுத்துவிட்டுக் கண்ணாடியைத் தூக்கி எடுப்பதே பாதுகாப்பு. உள்ளிருந்து காலால் உதைத்துத் தள்ளும் பழக்கம் பட்டறைகளில் உண்டு. பழகிய கால் அது, நமக்கு வேண்டாம். எடுத்த கண்ணாடியைக் கோணிச்சாக்கின் மேல் படுக்க வையுங்கள்.

விளிம்புத் தகட்டைச் சுத்தம் செய்து, துரு இருந்தால் முன்சொன்னபடி முடித்துக் காயவிட்டபின், புது ரப்பரைக் கண்ணாடியின் மேல் மாட்டுங்கள். ரப்பரின் ஒட்டு கீழ்ப்பக்கம் நடுவில் வரட்டும். மூலைகளை முதலில் உட்கார வைத்துவிட்டு நேர்ப்பகுதிக்கு வந்தால் சுருக்கம் விழாது.

அடுத்தது கயிறு. 4 அல்லது 5 எம்எம் நைலான் கயிறு சுமார் 5 மீட்டர். தகடு உட்காரும் பள்ளத்தில் அதைச் சுற்றிலும் அழுத்தி, கீழ்நடுவில் இரு முனையும் ஒரு முழம் ஒன்றன்மேல் ஒன்று வரும்படி உள்பக்கமாகத் தொங்க விடுங்கள். பள்ளத்திலும் தகட்டிலும் பாத்திரம் கழுவும் சோப்புத் தண்ணீரைத் தாராளமாகத் தடவுங்கள். வெளியே இருப்பவர் கண்ணாடியைப் பாடியின் திறப்பில் நேராக வைத்து, உள்ளங்கையால் கீழ்ப்பக்கத்தை அழுத்த வேண்டும். உள்ளே இருப்பவர் கயிற்றின் ஒரு முனையைக் கண்ணாடியின் நடுவை நோக்கி இழுக்கும்போது, ரப்பர் உதடு புரண்டு தகட்டின் மேல் ஏறும். கீழ்ப்பக்கம் முழுதும், பிறகு பக்கங்கள், கடைசியில் மேல்பக்கம். கயிறு வருகிற இடத்தில்தான் வெளியாளின் கை இருக்க வேண்டும்; இருவரும் பேசிக்கொண்டே செய்யுங்கள். கயிறு வந்தும் உதடு ஏறாவிட்டால் இழுப்பதை நிறுத்திப் பிளாஸ்டிக் நெம்பியால் அதை எடுத்துவிடுங்கள். பலம் கொடுத்து இழுத்தால் உதடு கிழியும்.

சுற்றிலும் உட்கார்ந்தபின் உள்ளங்கையால் தட்டித் தட்டிச் சமன்செய்து, இடது வலது இடைவெளியைப் பார்த்துவிட்டு, ஈரம் முழுக்கக் காய்ந்த பிறகு வெளி உதட்டைத் தூக்கி, ரப்பருக்கும் கண்ணாடிக்கும் இடையிலும் ரப்பருக்கும் தகட்டுக்கும் இடையிலும் இறுகாத வகைக் கண்ணாடி சீலன்டை மெல்லிசாக விடுங்கள்.

லாக் ஸ்ட்ரிப் உள்ளே போக மாட்டேன் என்கிறது.

சோப்புத் தண்ணீர் போதவில்லை, அல்லது கண்ணாடி இன்னும் சரியாக உட்காரவில்லை. கடையில் கண் வடிவக் கம்பியோடு ஒரு கருவி கிடைக்கும்; ஸ்ட்ரிப்பை அந்தக் கண்ணில் கோத்து இழுத்துக்கொண்டே போனால் பள்ளம் விரிந்து ஸ்ட்ரிப் உள்ளே இறங்கும். ஸ்குரூ டிரைவரால் குத்தித் தள்ளினால் மணிக்கணக்காகும், ரப்பரும் காயப்படும். முனை இரண்டும் சேருமிடத்தில் ஒரு சென்டிமீட்டர் கூடுதலாக விட்டு வெட்டி, அமுக்கி நுழையுங்கள்.

வெடிப்பின் மேலேயே சிலிக்கான் அடித்துவிட்டால் போதாதா?

போதாது. புளித்த காடி வாசம் வரும் சாதாரணச் சிலிக்கான் காயும்போது அசிட்டிக் அமிலத்தை விடும். பெயிண்ட் போன தகட்டில் அதுவே துருவைத் தொடங்கிவைக்கும். சிலிக்கான் பட்ட இடத்தில் பின்னால் பியுவும் பிடிக்காது, பெயிண்டும் பிடிக்காது. நடுமழையில் ஒழுகினால் துணியால் துடைத்து அகலமான டேப்பை ஒட்டிக்கொள்ளுங்கள். மழை விட்டதும் முறையாகச் செய்யலாம்.

ஒழுகல் நின்றதா என்று எப்படிச் சோதிப்பது?

சீலன்ட் வைத்து ஒரு நாள் கழித்து, தோட்டத்துக் குழாயில் மெல்லிய தண்ணீர் போதும். உள்ளே கண்ணாடி ஓரம் முழுக்க முகத்துக்குப் போடும் பவுடரைத் தூவிவிட்டு ஒருவர் டார்ச்சோடு உட்காரட்டும். வெளியே கீழ்ப்பக்கத்தில் தொடங்கி, ஒவ்வொரு பகுதிக்கும் ஐந்து நிமிடம் கொடுத்து மேலே ஏறுங்கள். மேலிருந்து ஆரம்பித்தால் தண்ணீர் எல்லா இடத்திலும் வழிந்து, எங்கே நுழைந்தது என்று தெரியாமல் போகும். பிரஷர் வாஷரை வைத்துச் சோதிக்காதீர்கள். அது நல்ல ரப்பரையும் தாண்டும்.

பீடிங் மாற்றியும் கால் வைக்கும் இடம் ஈரமாகிறது.

மேலே சொன்ன தண்ணீர்ச் சோதனையில் ஒழுகல் இல்லை என்றால் அது கண்ணாடியிலிருந்து வரவில்லை. வைப்பர் அடியிலுள்ள பிளாஸ்டிக் மூடியைக் கழற்றிப் பாருங்கள்: வேப்ப மரத்தடியிலோ புளிய மரத்தடியிலோ நிற்கும் வண்டிகளில் இலை மக்கி, தண்ணீர் வெளியேறும் துளை அடைத்திருக்கும். தேங்கிய தண்ணீர் புளோயர் வழியாக உள்ளே இறங்கும். ஏசி போட்டு ஓட்டிய நாளில் மட்டும் இடது பக்கம் ஈரம் என்றால் ஏசி வடிகால் குழாயைப் பாருங்கள்.

எழுபதைத் தாண்டினால் விசில் சத்தம்.

மோல்டிங்கின் மேல்பக்கம் முழுக்க மாஸ்கிங் டேப் ஒட்டி ஓட்டிப் பாருங்கள். சத்தம் நின்றால் பாதி டேப்பை எடுத்து மறுபடி ஓட்டுங்கள். இப்படி இடத்தைக் குறுக்கிக்கொண்டே போகலாம். டேப் ஒட்டியும் நிற்கவில்லை என்றால் கதவு ரப்பர் அல்லது பக்கக் கண்ணாடி. கயத்தாறு பக்கம் காற்றாலை சுற்றும் நாளில் இந்தச் சோதனை பலிக்காது.

ரப்பருக்குத் தேங்காய் எண்ணெய் தடவலாமா?

வேண்டாம், மண்ணைப் பிடித்து வைக்கும். கிரீஸ், டீசல், பழைய இன்ஜின் ஆயில் இன்னும் மோசம்; பெட்ரோலிய எண்ணெயில் இபிடிஎம் ஊதிப்போகும். மாதம் ஒருமுறை நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்தால் போதும். கடற்கரை ஓட்டம் என்றால் வாரம் ஒருமுறை.

பட்டறைக்கே போக வேண்டியது எப்போது?

ஒட்டிய வகையில் கண்ணாடியின் மூலையை உள்ளிருந்து அழுத்தும்போது அது அசைந்தால். மோல்டிங் எடுக்கும்போது கட்டர் பசைக்குள் ஆழமாகப் போயிருந்தால். விளிம்பில் கீறல் இருந்தால். இந்தக் கண்ணாடி கூரைக்கும் பலம் கொடுக்கிறது. பயணிப் பக்க ஏர்பேக் உள்ள வண்டியில் அது விரியும்போது சாய்ந்துகொள்வதும் இதன் மேல்தான். பசை வேலையைப் பழகிய கைதான் செய்ய வேண்டும்.

பின் கண்ணாடிக்கும் இதே முறையா?

முறை அதே. ஆனால் பின் கண்ணாடி டஃபன்டு வகை, அதாவது சூடேற்றிக் கடினமாக்கிய ஒற்றைக் கண்ணாடி. விளிம்பில் ஒரு தட்டு தவறினால் கீறல் விடாது, முழுக் கண்ணாடியும் குருணையாகக் கொட்டிவிடும். டீஃபாகர் (கண்ணாடியில் படியும் பனியை நீக்கும் சூடேற்றி) கோடு உள்ள வண்டியில் இரு பக்கமும் ஒயர் இணைப்பை முன்பே கழற்றிவிடுங்கள். கண்ணாடியில் ஒட்டியிருக்கும் அந்த நாக்கைப் பிடித்து இழுக்காமல், ஒயரின் பிளக்கைப் பிடித்து உருவ வேண்டும்.